லேப்டாப் மெதுவாகிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்!



இன்று லேப்டாப் பற்றிப் பேசப் போகிறேன். "அது படிக்கிற பிள்ளைகள் சமாச்சாரம். நமக்கு எதற்கு?" என்று நினைக்காதீர்கள். அதற்குப் பணம் கொடுப்பது யார்? நாம்தானே!

நம் நகரிக்குப் பக்கத்தில் திருத்தணி. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15ஆம் தேதி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. திருவள்ளூர் பக்கத்தில் உள்ள காக்களூரில் அந்த விழா நடந்தது. அப்படிக் கிடைத்த லேப்டாப் மருமகளோடு நம் பக்கம் வந்ததும் உண்டு. அக்கா படித்த லேப்டாப்பில் தம்பி படிப்பதும் உண்டு.

ஆனால் பழைய லேப்டாப் மெதுவாக ஓடுகிறது. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு காபி குடித்து வரலாம். "புதுசு வாங்கிக் கொடும்மா" என்று பிள்ளை கேட்கிறான். டுவாக்ரா குழுவில் கடன் எடுக்கலாமா என்று அம்மா யோசிக்கிறாள்.

கடன் எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பெயர் ரேம்.

ரேம் என்றால் என்ன? சித்தூர் மாங்காய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குடோன் இருக்கும். முன்னால் காயைக் கொட்டித் தரம் பிரிக்கும் இடம் இருக்கும். குடோன் எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன? பிரிக்கும் இடம் சிறியதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர முடியும். ஆட்கள் குடோனுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். வேலை தாமதமாகும்.

லேப்டாப்பிலும் அப்படித்தான். பாடமும் போட்டோவும் இருக்கும் குடோன், ஹார்டு டிஸ்க். வேலை நடக்கும் இடம், ரேம். ரேமை மாற்றினால் பாடம் அழியுமா? அழியாது. அது குடோனில் பத்திரமாக இருக்கும்.

ரேமின் அளவை ஜிபி என்று சொல்வார்கள். தமிழ்நாடு முதலில் கொடுத்த லேப்டாப்பில் 2 ஜிபி இருந்தது. இன்று அது போதாது. விண்டோஸ் 11 ஓடுவதற்கே குறைந்தது 4 ஜிபி வேண்டும். 8 ஜிபி இருந்தால் நல்லது.

லேப்டாப் மெதுவாக ஓடினால் ரேம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையிடம் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தட்டும். வேலை நடக்கும்போது ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அங்கே தெரியும். முழுவதும் நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை. பாதிதான் நிரம்பியிருந்தால் குறை வேறு இடத்தில். பழைய ஹார்டு டிஸ்க் காரணமாக இருக்கலாம். அப்போது ரேமுக்குச் செலவு செய்வது வீண்.

ரேம் ஒரு சிறிய பச்சைத் தகடு. விரல் நீளம்தான் இருக்கும். அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எழுத்து ஆங்கிலம். எண் நமக்குத் தெரிந்த எண்தான். டிடிஆர் அல்லது பிசி என்ற எழுத்துக்குப் பின்னால் 3, 4, 5 என்று ஓர் எண் வரும். பழையதில் 3 இருந்தால் புதியதிலும் 3தான் இருக்க வேண்டும். 3 இருக்கும் இடத்தில் 4 பொருந்தாது. தகட்டில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். 3க்குப் பின்னால் எல் என்ற எழுத்து இருந்தால் அது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை. அதே வகையைக் கேளுங்கள்.

சில லேப்டாப்பில் ரேமை உள்ளேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது. முதலில் இதை விசாரியுங்கள்.

மாற்றுவது எப்படி? லேப்டாப்பை அணைக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்க வேண்டும். பேட்டரியையும் கழற்ற வேண்டும். அடிமூடியின் திருகுகளைக் கழற்ற வேண்டும். தகட்டின் இரு பக்கமும் கொக்கி இருக்கும். கொக்கிகளை வெளியே தள்ளினால் தகடு சாய்வாக எழும்பும். புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் கொக்கி 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பழகியவருக்குச் சில நிமிட வேலைதான்.

2025ஆம் ஆண்டின் கடைசியில் உலகம் முழுவதும் ரேம் விலை ஏறியது. செயற்கை அறிவுக் கணினிகளுக்கு ஏராளமான ரேம் தேவைப்பட்டதே காரணம். அதனால் ஒரே கடையில் கேட்டுவிட்டு வாங்காதீர்கள். திருப்பதியிலும் சித்தூரிலும் இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள்.

வாங்கும்போது, "தம்பி, அந்தத் தகட்டைக் காட்டுப்பா" என்று கேளுங்கள். எண்ணை நீங்களே படியுங்கள். பில் வாங்குங்கள். பழைய தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள்.

எழுத்தும் எண்ணும் கற்றது கையெழுத்துப் போட மட்டுமா? நம் காசு எங்கே போகிறது என்று படித்துப் பார்க்கவும்தான்.