காசும் காஷும்

இரு மொழிகளிலே ஒலியாலும் பொருளாலும் ஒத்த இரு சொற்கள் காணப்பட்டால், ஒன்று மற்றையதிலிருந்து பிறந்தது என முடிவு கட்டிவிடுவது மக்கள் இயல்பு. கைப்பணத்தைக் குறிக்கும் 'காஷ்' என்னும் ஆங்கிலச் சொல், தமிழ்க் 'காசு' என்பதன் வழிவந்ததென்று மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. தாய்மொழியின் பெருமையைப் பேசுதல் நன்றே. ஆயினும் அப்பெருமை உண்மையின்மேல் நிற்றல் வேண்டும். இச்சொல்லின் வரலாற்றை ஆராயப் புகுவோர், ஆங்கிலத்தில் 'காஷ்' என்பது ஒரு சொல்லன்று, இரு சொற்கள் என்பதைக் காண்பர்.

முதலாவது சொல் ஐரோப்பாவிற் பிறந்தது. இலத்தீன் மொழியிலே 'கப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் உருத்திரிந்து, வணிகரின் பணப்பெட்டியைக் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அதனைக் கடன்கொண்டனர். தொடக்கத்திலே 'காஷ்' என்பது பெட்டிக்கும் பெயர். பெட்டியினுள் இருந்த பணத்துக்கும் பெயர். நாளடைவிற் பெட்டி என்னும் பொருள் வழக்கொழிய, பணம் என்னும் பொருளே நிலைத்தது. இடத்தின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகிவருவதை இடவாகுபெயர் என்பர் நம் இலக்கணத்தார். ஈண்டு நிகழ்ந்ததும் அதுவே. பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்', மருந்தை அடைத்துவைக்கும் 'கப்சியூல்' ஆகியனவும் இச்சொல்லின் உடன்பிறப்புக்களே. பணங் காப்பவரைக் குறிக்கும் 'காஷியர்' என்னும் பெயரும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால், படையதிகாரி ஒருவரை அவமதிப்போடு பதவி நீக்குதலைக் குறிக்கும் வினைச்சொல், அதே எழுத்துக்களைக் கொண்டதாயினும் வேறொரு வேரினது. எழுத்தொற்றுமை ஒன்றையே சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இஃது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாவது சொல்லுக்குத் தமிழோடு மெய்யான உறவு உண்டு. தென்னாட்டுக்கு வந்த போர்த்துக்கேயர், அங்கு வழங்கிய சிறு நாணயத்தின் பெயராகிய காசு என்பதைத் தம் நாவுக்கேற்பக் 'கைஷா' என்றனர். அவர்தம் மொழியிலே 'கைஷா' என்றாற் பெட்டி; அதுவும் இலத்தீன் 'கப்சா' என்பதன் வழிவந்ததே. அவரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற வடிவமே, கீழைத்தேயச் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'காஷ்'. நடுவிலே சதுரத் துளையுடைய சீனச் செப்பு நாணயங்களையும் அவர்கள் அப்பெயராலேயே அழைத்தனர்.

சென்னையில் 1818ஆம் ஆண்டுவரை நிலவிய நாணய முறையில், 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இங்கிலாந்தில் அச்சிடப்பெற்ற 1803ஆம் ஆண்டின் செப்பு நாணயத்திலே 'இருபது காஷ்' என்று பொறிக்கப்பட்டிருந்தது. இத்தகைய நாணயங்களை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னுங் கப்பல், 1809ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கரைக்கு அப்பாலுள்ள மணற்றிட்டிலே மூழ்கியது. பிற்காலத்திற் சுழியோடிகள் அந்நாணயங்களிற் பலவற்றை மேலே கொணர்ந்தனர். யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுக்க, 1886ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி இந்நாணயப் பெயரின் வரலாற்றை விளக்குகின்றது. தமிழ்ச் சொல்லையும், பொன் வெள்ளி நிறையைக் குறித்த 'கர்ஷ' என்னும் வடசொல்லையும் அது தொடர்புபடுத்துவதும் கருதத்தக்கது.

இவ்வாறு வேறு வேறு ஊற்றுக்களிற் பிறந்த இரு சொற்களும் இன்று ஈழத்துத் தமிழரின் வழக்கிலே ஒன்றுகூடி நிற்கின்றன. வணிகக் கல்வி பயிலும் மாணவர் எழுதும் காசேடு, தபாற் கந்தோரிற் பெறுங் காசுக்கட்டளை, வங்கியிற் கொடுக்குங் காசோலை ஆகிய யாவற்றிலும் ஆங்கிலேயர் 'காஷ்' என்று கருதிய இடத்தைத் தமிழ்க் காசு நிரப்புகின்றது. ஒலியும் பொருளும் இத்துணைப் பொருந்தியமையால், மொழிபெயர்ப்பாளருக்கு வேறு சொல் தேடும் வேலை இல்லாது போயிற்று.

ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்ததாலன்றித் தமிழ்க் காசுக்குப் பெருமையில்லை என எண்ணுதல் வேண்டா. மகளிர் இடையணியிற் கோத்த மணிக்கும், சோழர் கல்வெட்டுக்களிற் குறிக்கப்பெறும் நாணயத்துக்கும், வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றுக்கும் அதுவே பெயர். உள்ள உறவை உள்ளவாறு கூறுவதனாற் குறைவு ஏதுமில்லை. இல்லாத உறவைக் கூறின், பிறர் அதனை மறுக்கும்போது, உள்ளதும் ஐயத்துக்கு இடமாகும். மாணவருக்கு மொழிப்பற்றை ஊட்டுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.