முகத்தை விட்டு விலகும் படம்



படங்களைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தைக் காட்டித் தப்ப முடியாது. அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்லியாக வேண்டும்.

கைபேசியில் எடுத்த ஒரு படம், அதோடு நாலு வரிக் கவிதை. காதலும் பிரிவும் இறந்தவர் நினைவும் இன்று பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. இதை ஒரு கலையாக எடுத்துக்கொண்டு எடைபோடலாமா? போடலாம் என்பது என் கட்சி. அப்படிப் போட்டால், வருகிறவற்றில் பாதிக்கு மேல் ஏன் மனத்தில் ஒட்டுவதில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பழைய பிலிமில் உயிர் இருந்தது, எண்ணிமப் படம் வெறும் யந்திரச் சரக்கு என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள். 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் வருடி ஒன்றைச் செய்தார்கள். கிர்ஷ் அதில் ஏற்றிய படம் எது தெரியுமா? அவருடைய மூன்று மாத மகன். 176 புள்ளி அகலம், 176 புள்ளி உயரம், கறுப்பு வெள்ளை. நாற்பது ஆண்டு கழித்து, 1997 ஜூனில், கலிபோர்னியாவில் பிலிப் கான் என்பவர், மனைவி மகப்பேற்று மனையில் இருந்த நேரத்தில், ஒரு கமராவையும் கைபேசியையும் மடிக்கணினியையும் அங்கேயே ஒன்றோடொன்று பிணைத்து, பிறந்த மகளின் படத்தை உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிவைத்தார். கைபேசி வழிப் படம் அனுப்பும் பழக்கத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரு தகப்பன். ஆகவே பாசம் இந்தக் கருவிக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விஷயமல்ல.

ஆனால் எண்ணிமப் படத்தில் ஒன்று இல்லாமல் போயிற்று. அதற்குப் பின்பக்கம் கிடையாது. ஸ்டூடியோவில் எடுத்த படத்தைக் கடிதத்தோடு அனுப்பிய காலத்தில், திருப்பிப் பார்த்தால் பேனாவால் ஒரு திகதி இருக்கும், ஊர் இருக்கும், சிலவேளை இரண்டு வரிப் பாட்டும் இருக்கும். முன்பக்கம் யார் பார்த்தாலும் ஒரு முகம். பின்பக்கம் ஒருவருக்கு மட்டும். இன்றைய படக்கவிதை, அறிந்தோ அறியாமலோ, அந்தப் பின்பக்கத்தின் வேலையைச் செய்யப் பார்க்கிறது. அந்த வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் அளவுகோல்.

இதை நேற்றைக்கு முளைத்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம், நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு. முன்பக்கத்தில் இறந்தவரின் நிழற்படம். பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல விறைத்த முகம். உள்ளே தேவாரங்கள், குடும்ப வரலாறு, நன்றி நவிலல். இவற்றுக்கு நடுவில் இரண்டு வகைச் செய்யுள்கள் இருக்கும். அவற்றைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஒன்று திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் தளை தட்டாமல் ஒரு வெண்பாவுக்குள் அடக்கிவிடுவார் புலவர். அதற்கு ஒரு பயன் இருந்தது. வருடா வருடம் திவசம் எந்த நாளில் வருகிறது என்று பிள்ளைகள் மறக்கக் கூடாது. இன்றைய கமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரத்தையும், அனுமதித்தால் இடத்தையும், கண்ணுக்குத் தெரியாமல் பதிந்து வைக்கிறதே, அதே தகவலை நம் ஆட்கள் ஓசையோடு பதிந்தார்கள்.

மற்றது புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று உறவுமுறைப்படி வரிசையாக வரும். மனைவியின் புலம்பலை மனைவி எழுதுவதில்லை; ஊர்ப் புலவர் யாராவது எழுதிக் கொடுப்பார். ஆகவே ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றி வைத்தாலும் பொருந்திவிடும். குலவிளக்கு, ஆலமரம், கலங்கரை விளக்கம் என்று உவமைகள் தேய்ந்துபோனவை. கவிதையாக மட்டும் பார்த்தால் பெரும்பாலானவை தேறாது. ஆனால் படத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவைப் பார்த்தால், அவற்றில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. அந்தப் பாட்டு எதுவும் படத்தை வர்ணிப்பதில்லை. முகம் அங்கே இருக்கிறது. பாட்டு, அந்த முகம் போனபின் வீட்டில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறது. ஒன்று செய்ததை மற்றது திரும்பச் செய்யவில்லை.

இந்தக் கல்வெட்டுகளில் பலவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் எண்ணிமமாக்கி யாரும் வாசிக்கக் கொடுத்திருக்கிறது. 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்த வீடுகளை ஒரே இரவில் விட்டுப் புறப்பட்டவர்கள் எத்தனை ஆல்பங்களைக் கையோடு எடுத்திருப்பார்கள்? அப்படி எல்லாம் இழந்த ஒரு குடும்பத்துக்கு, அச்சில் கறுத்துப்போன அந்த அட்டைப்படமே பாட்டனின் ஒரே முகமாக இருக்கக்கூடும். ரொறன்ரோவில் பிறந்த பேத்தி அதைத் திறக்கும்போது, பாட்டனைப் பற்றி அவளுக்கு உறுதியாகக் கிடைப்பது அந்த வெண்பா சொல்லும் திதி.

இனி இன்றைய படக்கவிதைக்கு வருவோம். மாலைச் சூரியன், அதன்முன் நிழலுருவாக ஒருத்தி. மழை வழியும் யன்னல். மேசையில் ஆறிப்போன தேநீர். பெரும்பாலும் இவை எழுதியவர் எடுத்த படங்கள் அல்ல. 'தனிமை' என்று தேடியவுடன் இணையம் கொடுத்தவை. படம் இரவல் என்றால் ஏக்கமும் பாதி இரவல்தான். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சொந்தப் படத்தைப் போடுங்கள் என்பேன். நேற்று எடுத்த படத்துக்குப் பழுப்பு நிறம் பூசி ஐம்பது வருடப் பழசாக்குவது இன்னொரு விளையாட்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மதிலில் சாய்த்துவைத்த ஒரு பழைய சைக்கிள், அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒருவர் எழுதுகிறார்:

தனியே நிற்கும் சைக்கிள்,
துணையின்றித் தவிக்கும் என் நெஞ்சம்.

சைக்கிள் தனியே நிற்பது எனக்குத் தெரிகிறதே. நெஞ்சம் தவிக்கிறது என்பதை நான்தான் உணர வேண்டும். அதையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். இனி எனக்கு அங்கே வேலை இல்லை. அதே படத்துக்கு வேறு மூன்று வரி:

பின்சில்லுக்குக் காற்றுப் போகுது என்று
ஒவ்வொரு சனியும் சொல்லுவாய்.
இந்தச் சனி நானே அடித்தேன்.

இது நான் இந்தப் பேச்சுக்காக எழுதியது. பெரிய கவிதை என்று சொல்லவரவில்லை. ஆனால் கமராவுக்கு எட்டாத இரண்டு இதில் இருக்கின்றன. ஒன்று, திரும்பத் திரும்ப வந்த சனிக்கிழமைகள். மற்றது, இப்போது கேட்காத ஒரு குரல். பேசியவர் இறந்தாரா, கட்டாருக்கு வேலைக்குப் போனாரா, கோபித்துக்கொண்டு பிரிந்தாரா என்று தெரியாது. படத்திலும் அவர் இல்லை.

காதலிப்பவரின் முகத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் காதல் எங்கே நிற்கும் என்று கேட்கலாம். சங்க அகப்பாடல் நிற்கிற இடத்தில்தான். அகத்திணையில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் அது ஒருவருடைய கதையாகிவிடும். பெயருக்குப் பதிலாக நிலமும் பொழுதும், அந்த நிலத்துப் பறவையும் பூவும் வரும். பிரிவைப் பாலையும், இரங்கலை நெய்தல் கரையும் சொல்லிவிடும். புகைப்படத்தின் இயல்பு இதற்கு நேர் எதிர். முகத்தைக் காட்டினால் அது இன்னார் என்று உடனே ஆகிவிடும். கடவுச்சீட்டுக்கு அதனால்தான் படம் கேட்கிறார்கள்.

குறுந்தொகையில் ஓரேருழவனார் என்று ஒரு புலவர். இயற்பெயர் தெரியாது, பாடிய உவமையே பெயராகிவிட்டது. தலைவியிடம் திரும்புகிற தலைவன் பேசுகிறான். ஊரோ தொலைவு. நிலத்தில் ஈரம் காயுமுன் உழுதாக வேண்டும், ஆனால் இருப்பது ஒரே ஏர். அந்த உழவனின் பதற்றம் தன் நெஞ்சில் என்கிறான். தலைவியின் அழகுக்கு ஓரிரு சொல் உண்டு. ஆனால் புலவருக்குப் பெயராகி நின்றவன் அந்த உழவன்தான். இதைப் படமாக எடுப்பதானால் மழை விட்ட வயலும் ஓர் ஏரும் போதும். அந்தத் தொகையின் பாடல்கள் பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடி. கைபேசித் திரையில் உருட்டாமலே வாசிக்கலாம். வடிவம் சின்னது என்பதால் பொருள் சின்னதாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒன்றே பதில்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் இன்னும் ஒரு படி போனார். 1977இல் தாயை இழந்தபின் பழைய படங்களைத் துழாவினார். எல்லாவற்றிலும் தாய் இருந்தார். எதிலும் அவர் தேடிய தாய் இல்லை. கடைசியில் 1898இல் எடுத்த ஒரு படம் அகப்பட்டது. ஐந்து வயதுச் சிறுமியாக, ஒரு கண்ணாடித் தோட்டவீட்டில் அண்ணனோடு நிற்கிறார் தாய். பார்த் பிறக்கப் பல வருடங்களுக்கு முந்திய படம். அந்தப் படத்தைச் சுற்றித்தான் 1980இல் வந்த அவருடைய நூலின் பின்பாதி நகர்கிறது. நூலில் வேறு எத்தனையோ படங்கள் அச்சாகியிருக்கின்றன. அந்தப் படம் இல்லை. மற்றவர்களுக்கு அது வெறுமனே ஒரு பழைய படமாகத்தான் இருக்கும் என்றார். சொல் போதுமான அளவு வேலை செய்தால் படத்தை ஒளித்துவைக்கவும் முடியும் என்று காட்டியவர் அவர்.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 2014 முடிவில் பேஸ்புக், ஒவ்வொருவருடைய அந்த ஆண்டையும் படங்களால் தானாகத் தொகுத்துக் காட்டியது. அமெரிக்காவில் ஒரு வலை வடிவமைப்பாளருக்கு அது எடுத்துப்போட்ட படம், அந்த ஆண்டு இறந்துபோன அவருடைய சிறு மகளின் முகம். சுற்றிலும் ஆடிப்பாடும் சித்திரங்கள், உங்கள் ஆண்டு இப்படி இருந்தது என்ற வாசகத்தோடு. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. மகளின் படத்தில் பிழை எதுவும் இல்லை. பக்கத்தில் வைத்த சொல்லும் சித்திரமும்தான் அவரைக் குத்தின. இன்றைக்கும் நம் கைபேசிகள் 'இதே நாளில்' என்று பழைய படங்களை எடுத்து நீட்டுகின்றன. எதை எப்போது நினைப்பது என்ற முடிவை அவற்றிடம் விட்டுவிடாமல், அந்தப் படத்துக்கு நாமே நாலு வரி எழுதி வைத்தால் நல்லது.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு சின்ன வேண்டுகோள். கவிதையைப் படத்தின் மேலேயே அச்சடித்து ஒட்டாதீர்கள். ஒட்டினால் எழுத்து வெறும் புள்ளிகளாகிவிடும். தேடினாலும் எளிதில் அகப்படாது, கண் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானும் அதில் தடுமாறும். கீழே தனியாகத் தட்டச்சு செய்யுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்றும் ஒரு வரி சேருங்கள். அடுத்தது திகதி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, கமரா உள்ளே பதிந்த நேரமும் இடமும் கழன்றுவிடுகின்றன. நாலு கை மாறிய பிறகு அது எந்த ஆண்டின் மழை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நாளையும் ஊரையும் கவிதைக்குள்ளேயே எங்காவது வையுங்கள். திகதி வந்தால் கவிதை கெட்டுவிடும் என்பவர்கள் நூலகம் தளத்தில் நாலு திதி வெண்பா வாசித்துப் பார்க்கலாம்.