திணையும் பணியிடமும்



இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் பணியிடப் பாகுபாட்டைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் எண்ணலாம். குற்றவுணர்வே என்னை இம்மேடைக்கு அழைத்து வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பாளர் பணிக்கான நேர்காணல் குழு ஒன்றில் நானும் அமர்ந்திருந்தேன். விண்ணப்பித்தவர்களுள் ஒருவர் திருநங்கை. எழுத்துத் தேர்வில் அவருடைய மொழிபெயர்ப்பே மற்றெல்லாவற்றினும் சிறந்து நின்றது. ஆனால் சான்றிதழில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் வேறொரு பெயரும் இருந்தன. நேர்காணல் முழுவதும் அந்த வேறுபாட்டை வினவுவதிலேயே கழிந்தது. அவர் விடைபெற்றுச் சென்றதும், குழுவில் ஒருவர், "அதை எந்த அறையில் உட்கார வைப்பது?" என்றார். திணை வழுவை மாணவர் ஏட்டில் சிவப்பு மையால் சுழித்தே பழகிய நான், அன்று வாய் திறக்கவில்லை. பணி வேறொருவருக்குச் சென்றது.

'அதை' என்ற அச்சொல்லை நம் இலக்கணம் ஏற்குமா? தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே இச்சிக்கலை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கென ஈறு இல்லை. அஃது உயர்திணைப் பால் ஈறுகளைக் கொண்டே வழங்கும் என்கிறார். அப்பெயர் ஆண்பாற் சொல்லொடு பொருந்தாது என்றும் தனி நூற்பாவில் வரையறுக்கிறார். நன்னூலோ, பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. அஃறிணை போல வருவதற்கும் அந்நூல் இடந்தருகிறது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் ஒருவரது விருப்பத்தைக் கொண்டே பாலைத் துணியும் விதி நம் இலக்கணத்தில் உண்டு என்பது சிறிய செய்தியன்று.

சொற்களும் மாறின. இழிவாக வழங்கிய பெயர்கள் பின்தள்ளப்பட்டு, கூத்தாண்டவர் வழிபாட்டையொட்டி 'அரவாணி' என்பதும், பின்னர்த் 'திருநங்கை', 'திருநம்பி', 'திருநர்' என்பனவும் வழக்கிற்கு வந்தன. 2008இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே துணியும் உரிமையை ஏற்றது. எனினும், காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம், படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள் இருந்தமையால் தள்ளப்பட்டது. அவர் வழக்காடினார். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரு படிவத்தின் கட்டத்தைத் திறக்க ஒருவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

வேலை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? 2017இல் கொச்சி மெட்ரோ நிறுவனம் திருநரைப் பணியில் அமர்த்தியது. அவர்களுள் சிலர் விரைவிலேயே விலகினர். வாடகைக்கு இடம் கொடுப்பார் இல்லை. நிறுவனம் திறந்த கதவை ஊர் அடைத்தது. இதனாற்றான் சமூகச் செயற்பாடு வேண்டும் என்கிறேன்.

நம் நாட்டிற்கு வருவோம். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், வயது, இனம், சமயம், மொழித் திறன், உடற்குறை முதலியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க வகை செய்கிறது. மொழித் திறன் இடம்பெற்ற அப்பட்டியலில் பாலின அடையாளம் இடம்பெறவில்லை. மொழித் திறனின் பொருட்டு ஒருவரை ஒதுக்கலாகாது என்பதை மகிழ்ந்து ஏற்கும் நாம், இவ்விடுபாட்டைக் கண்டும் அமைதி காத்தல் முறையா?

ஆசிரியர்களே, மாணவர் தாம் விரும்பும் பெயரால் அழைக்கப்படுவதை வகுப்பறையில் உறுதி செய்யுங்கள்; ஆசிரியர் அறையில் 'அது' என்ற சொல் எழுந்தால் அங்கேயே திருத்துங்கள். தமிழ் அமைப்புகளில் உள்ளோரே, திருநரைப் பொன்னாடைக்கு மட்டும் அழையாமல், செயற்குழுவிற்கு அழையுங்கள்; அவர்கள் முன்னின்று கோர, நாம் பின்னின்று வலுச்சேர்ப்போம். தொழில் நடத்துவோரே, வீடு வாடகைக்கு விடுவோரே, தகுதியையும் ஒழுக்கத்தையும் மட்டும் பாருங்கள். மாணவர்களே, நாளை நீங்களும் ஒரு நேர்காணல் குழுவில் அமர்வீர்கள். அன்று நான் சொல்லத் தவறியதை நீங்கள் சொல்லுங்கள்: "அதை அன்று ஐயா, அவரை."