ஓடி அலுக்காத ஒரு சொல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மிஷன் பாடசாலையொன்றிலே நாம் கீழ்வகுப்பிற் படித்த காலம். ஒருவனுடைய தகப்பனார் பட்டணத்திற் கடை நடத்துகிறார் என்னுங் கருத்துடைய ஆங்கில வாக்கியத்தைத் தமிழ்ப்படுத்தும்படி ஆசிரியர் பணித்தார். அதில் 'றன்' என்ற சொல் வந்தது. கிராமத்திலிருந்து புதிதாக வந்த மாணவனொருவன் எழுந்து, "தகப்பனார் கடையை ஓடுகிறார்" என்றான். வகுப்பு முழுவதுஞ் சிரித்தது. நாமுஞ் சிரித்தோம். அந்த ஆண்டு முடியும்வரை அவன் ஆங்கில பாடத்தில் வாய் திறக்கவில்லை.

'றன்' என்றால் ஓடுதல் என்று அவன் படித்தது பிழையன்று. ஆனால் அச்சொல் அவ்வளவில் நின்றுவிடவில்லை. ஆறு பாய்ந்தாலும் றன். மூக்கு ஒழுகினாலும் றன். துணியிற் சாயம் பரவினாலும் றன். கிரிக்கெட்டில் எடுக்கும் ஓட்டமும் அதுவே. வங்கி முறிந்துவிடுமென அஞ்சி மக்கள் தம் பணத்தை மீட்க முண்டியடிப்பதும் அதுவே. தேர்தலிலோ ஆங்கிலேயர் 'நிற்பர்', அமெரிக்கர் 'ஓடுவர்'. கருமம் ஒன்றே!

1857-ம் ஆண்டில் இலண்டன் மொழியியற் கழகத்தார் தொடக்கிய முயற்சி, 1928-ல் ஒக்ஸ்போட் பேரகராதியாக நிறைவெய்தியது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செற்' என்னுஞ் சொல் ஏறக்குறைய 430 பொருளுடன் முதலிடம் பெற்றது. பின்வந்த திருத்தத்தில் 'றன்' அதனை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்! புகைவண்டியும் இயந்திரமும் வந்தபோது, அவற்றின் இயக்கத்தைச் சொல்லவும் இப்பழைய சொல்லையே வேலை வாங்கினர்.

நம் தமிழ் இதிற் குறைந்ததோ? ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே நம் நிகண்டுகள் தனித்தொகுதி வகுத்தன. 'ஓடு' என்பதையே பாருங்கள். விரைந்து செல் என்பதும் ஓடு. கூரையில் வேய்வதும் ஓடு. முட்டையின் மேலுள்ளதும் ஓடு. இரப்போன் கையிலிருப்பதும் ஓடு. 'தாயோடு' என்கையில் வேற்றுமையுருபும் ஓடு. அன்றியும், யாழ்ப்பாணத்தில் நாம் சைக்கிள் 'ஓடுகிறோம்', தமிழ்நாட்டார் 'ஓட்டுகிறார்கள்'. சைக்கிளை ஓடலாமென்றால் கடையையும் ஓடலாமென்று அச்சிறுவன் எண்ணியதில் என்ன வியப்பு? அவன் அறிவீனத்தாற் பிழைவிடவில்லை. தன் தாய்மொழியின் வழியே நடந்து பிழைவிட்டான்.

சொல் தனித்து நின்று பொருள் சொல்வதில்லை. அயலிலுள்ள சொற்களோடு கூடியே சொல்கிறது. ஆகவே, இளைஞர்களே, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல்லாக மனனஞ் செய்யாமல், வாக்கியமாகப் படியுங்கள். உங்கள் தம்பி தங்கையருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும்போது, அவர்கள் தடுமாறினாற் சிரியாதீர்கள். 645 பொருளில் ஒன்றை அறிந்தவன் மற்றவற்றையும் அறிவான், நம் சிரிப்பு அவன் வாயை அடைக்காவிட்டால்.

அன்று அந்தத் தோழனுக்கு நாம் சொல்லத் தவறியதை இன்று உங்கள் முன் சொன்னோம்.