வாசலுக்கு வந்த பள்ளி

மழலையர் கல்வியில் இன்று பட்டம் பெறுகிறீர்கள். இத்தொழிலின் வேரைத் தெரிந்துகொள்ள மகாராஷ்டிரக் கடலோரத்தில் உள்ள போர்டி என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

1945-இல் தாராபாய் மோடக் அங்கே வந்தபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். குஜராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேக்காவோடு பணியாற்றி, மாண்டிசோரி முறையை நம் மண்ணுக்கு ஏற்பப் பழக்கியெடுத்தவர் அவர். உடன் வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்து, பிறகு படித்து ஆசிரியையானவர். இருவரும் பாலவாடி என்ற மழலையர் பள்ளியைத் திறந்தார்கள். ஊரின் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இருவரும் பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பாலவாடியையே தூக்கிக்கொண்டு அந்த வீடுகளின் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான்.

1957-இல் அவர்களின் பணி கோஸ்பாட் குன்றுக்கு நகர்ந்தது. அது வார்லிப் பழங்குடி மக்களின் பூமி. அங்கே பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். பள்ளியும் மேய்ச்சல் நிலத்துக்குப் போனது. எண்ணக் கற்றுத்தரக் கூழாங்கல்லும் விதைகளும், வடிவம் சொல்ல இலைகளும் கிளிஞ்சல்களும் போதுமானவையாக இருந்தன. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதும்கூடப் பாடத்தின் பகுதி. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் சிறுமிகளுக்காக, குழந்தைகள் காப்பகம், பாலவாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் அமைத்தார்கள். கைக்குழந்தையை ஒப்படைத்துவிட்டு அக்காள் படிக்க உட்கார்ந்தாள். ஒரு குடும்பத்தின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு தோன்றும்.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது; அதன் வழியே அங்கன்வாடி என்ற பெயர் நாடு முழுவதும் பரவியது.

தமிழகத்துக்குத் தனிக் கதை உண்டு. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு இங்கே ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். ஊட்டச்சத்துப் பணியாளர்களை வெளியூரிலிருந்து அழைத்து வரவில்லை. வறுமையிலும் தன் பிள்ளைகளைத் திடமாக வளர்த்த உள்ளூர்த் தாய்மாருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். இதைவிட நல்ல தேர்வுமுறையைச் சொல்வது கடினம். பக்கத்துத் தெருவில் அதே கூலி வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி செய்து காட்டியதை மற்றவர்கள் நம்பினார்கள்.

எடை பார்க்கும் அந்தக் காட்சியை இன்றும் அங்கன்வாடிகளில் காணலாம். உத்தரத்தில் தொங்கும் தராசில் குழந்தையை உட்கார வைக்கிறார் டீச்சர். குழந்தை வீறிட்டு அழுகிறது. முள் நின்றதும் வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி. போன மாதப் புள்ளியிலிருந்து ஒரு கோடு. கோடு கீழே சாய்ந்தால் எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரிந்துவிடுகிறது. “வயித்துப்போக்கு இருந்துச்சா? சத்துமாவு உருண்டை புடிச்சுக் குடுத்தியாம்மா?” என்று டீச்சர் கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து குடிநீர்க் குழாய் உடைந்த கதை வரும்; கணவன் வேலைக்குப் போகாத கதையும் வரும். தெருவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வேறு எந்த அலுவலகத்துக்கும் தெரிவதற்கு முன்பே பால்வாடி டீச்சருக்குத் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலான்டி நகரில், 1962-இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வும் இத்தகைய பணியின் பயனைக் காட்டுகிறது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மழலையர் கல்வி கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வயதில் பார்த்தபோது அக்கல்வி பெற்றவர்களின் வருமானம் கூடுதல், கைதுகள் குறைவு. பலரும் சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு: அந்த ஆசிரியைகள் வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசினார்கள்.

இவ்வளவு வேலை செய்யும் அங்கன்வாடிப் பணியாளர்களை இங்கே அரசுகள் நெடுங்காலம் பகுதிநேரத் தொண்டர்களாகவே நடத்தின. குஜராத்திலிருந்து வந்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் மத்திய அரசு தருவது இன்னும் மதிப்பூதியம்தான். இது நியாயமில்லை. ஆசிரியர் என்ற தகுதியும் அதற்குரிய சம்பளமும் கேட்பது இந்தத் தலைமுறைப் பட்டதாரிகளின் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

கூடவே ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, உங்கள் மையத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு வீட்டுப் படியையும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத குழந்தைகள் யார் யார், அவர்கள் ஏன் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்களிலிருந்து உங்கள் பணியைத் தொடங்குங்கள்.