பாடிப் பிழைத்த திமிங்கலம்

ஒரு பாட்டு, பாடியவரின் உயிரையே காப்பாற்றிய கதை தெரியுமா? பாடியவர் ஒரு திமிங்கலம்!

பெர்முடா தீவில் ஃபிராங்க் வாட்லிங்டன் என்றொரு பொறியாளர். அமெரிக்கக் கடற்படைக்காகக் கடலுக்கடியில் மைக்கை இறக்கி, எதிரி நீர்மூழ்கியின் சத்தம் வருகிறதா என்று கேட்பது வேலை. வந்ததோ வேறு சத்தம். முனகல், விம்மல், நடுவில் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒன்று. கூன்முதுகுத் திமிங்கலம்! வெளியே தெரிந்தால் வேட்டைக்காரர்கள் இந்தச் சத்தத்தை வைத்தே தேடிப் பிடிப்பார்களே என்று பயந்து, ஒலிநாடாவை மறைத்தே வைத்திருந்தார் மனுஷன்.

பிறகு ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதியை நம்பிக் கொடுத்தார். கேட்கக் கேட்க அவர்களுக்குப் புரிந்தது: இது வெறும் கத்தல் இல்லை, பல்லவி சரணம் மாதிரி ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகிறது. பாடுவது ஆண் மட்டும்தான். பெண்ணுக்கு மேடை கிடைக்காதது அங்கேயும் உண்டு போல!

1970-இல் அந்தத் திமிங்கலப் பாட்டு இசைத்தட்டானது. 1979-இல் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் இதழோடு இணைத்தே கொடுத்தது. எண்ணெய்க்கும் இறைச்சிக்குமான பிராணியாகத் தெரிந்தது, வீட்டுக் கூடத்தில் வந்து பாடியது. கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகத் திமிங்கலத்துக்காகக் குரல் எழுந்தது. 1982-இல் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த வாக்களித்தது. ஜப்பானும் நார்வேயும் இன்னும் விட்டபாடில்லை, அது வேறு கதை.

கூன்முதுகுகள் பல கடல்களில் மீண்டும் பெருகியிருக்கின்றன. பழைய பாட்டையே பாடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாற்றிக்கொள்கின்றன.