நேற்றுவரை சேர்ந்த உணவு இன்று சேராமல் போனால்

(கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டக் கிளைத் தலைவர்கள், மாதர் அணியினர் கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றிப் பேசவே நேரம் போதாத இந்தக் கூட்டத்தில் ரொட்டியைப் பற்றிப் பேச நாங்கள் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். காரணம் ஒரு அக்கா.

நாற்பது வயதைத் தாண்டியவர். பிறந்ததிலிருந்து கோதுமை மா ரொட்டி தின்று வளர்ந்தவர். ஒருநாள் காலை இரண்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். உடம்பு வலிக்கு ஒரு டிஸ்பிரின் போட்டுக்கொண்டு மேல்மலைக்கு ஏறினார். அரை மணி நேரத்துக்குள் உள்ளங்கை அரித்தது, முகம் வீங்கியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிரையிலேயே விழுந்துவிட்டார். லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். மாலைக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு விழுந்தது அரைப்பேர். இரண்டாம் முறை நடந்தபோது "வேலைக்குக் கள்ளம்" என்று ஒரு சொல் கிளம்பியது. லயத்தில் கண்ணூறு என்றார்கள், செய்வினை என்றார்கள், கழிப்புக் கழித்தார்கள். அதற்கும் காசு போனது.

மூன்றாம் முறை மூச்சு முட்டியதால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "என்ன சாப்பிட்டீர்கள் அம்மா? சாப்பிட்டபின் என்ன செய்தீர்கள்?" ராத்திரி அதே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தால் ஒன்றும் ஆவதில்லை என்று அக்கா சொன்னார். விடை அதில்தான் இருந்தது.

இது மருத்துவ உலகம் அறிந்த ஒரு நோய். கோதுமையில் உள்ள ஒரு புரதத்தை உடம்பு திடீரென எதிரியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ரொட்டி மட்டும் போதாது. தின்ற சில மணி நேரத்துக்குள் மலை ஏறவேண்டும், பாரம் சுமக்கவேண்டும், ஓடவேண்டும். அப்போதுதான் அது வெடிக்கும். டிஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலிக்குளிசைகளும் சாராயமும் அதைத் தூண்டிவிடும். பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கே வருகிறது. காலை ரொட்டி, வலிக்குளிசை, மலையேற்றம்: நம் தோட்டத்து விடியற்காலை இதுதானே? இது அடிக்கடி வருகிற நோயல்ல. ரொட்டியைக் கண்டு எல்லோரும் பயப்படவேண்டாம். ஆனால் வந்தவரைக் கள்ளம் என்று சொல்லாதீர்கள்.

அந்த அக்கா இப்போது வேலைக்குப் போகுமுன் மா பண்டம் எதையும் தொடுவதில்லை. காலையில் சோறுதான். மூன்றரை மணிக்கே எழும்பி உலை வைக்கவேண்டியிருக்கிறது. இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று மாதர் அணிக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது விஷயம் இறப்பர். 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகளைக் கொண்டுவந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அந்த மரத்தின் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் பழகியபின்னும் திடீரென்று வரலாம். பால் வெட்டுகிறவர்களைவிட, கையுறைத் தொழிற்சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்கிறவர்களிடமே இது அதிகம் தெரியவந்தது. நம் லயத்துப் பிள்ளைகள் பலர் இப்போது அங்கேதான் போகிறார்கள். கையுறைக்குள் போடும் மாத்தூளில் இந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கும், மூச்சோடு உள்ளே போகும். அதனால்தான் தூள் போட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்தது.

இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இறப்பர் பாலில் இருக்கும் புரதத்தைப் போன்ற புரதங்கள் வாழைப்பழத்திலும், பப்பாசியிலும், சிங்களத்தில் அலிகேட்டபேர என்று சொல்லும் பட்டர்புரூட்டிலும் இருக்கின்றன. இறப்பர் சேராதவர்களில் கணிசமானவர்களுக்கு இந்தப் பழங்களும் சேராமல் போகின்றன. பிரேசிலில் மரவள்ளிக்கிழங்குக்கும் இப்படி நடந்திருக்கிறது. இறப்பரும் மரவள்ளியும் ஒரே பக்கத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை என்பது வேறு கதை.

ஆகவே வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறது, பலூன் ஊதினால் உதடு வீங்குகிறது என்றால் அற்பமாக நினைக்காதீர்கள். பிரசவத்துக்கோ, பல் பிடுங்கவோ, சத்திரசிகிச்சைக்கோ போகுமுன் இதை டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர் போடும் கையுறையே ஆபத்தாகலாம். ஸ்டோரில் அமிலம் பட்டு, அமோனியா பட்டுக் கை எரிவது வேறு. அது ஒவ்வாமை அல்ல, புண். அதற்குப் பாதுகாப்பு உடுப்புக் கேட்டுப் போராடவேண்டும்.

மீனையும் சொல்லிவிடுகிறோம். பலயா, கெலவல்லா மீன் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஒரு நஞ்சு ஊறும். சமைத்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், அரிக்கும். ஒரே மீனைத் தின்ற பலருக்கும் வந்தால் பெரும்பாலும் மீன்தான் கெட்டது. அதற்காக ஆயுள் முழுக்க மீனை விடவேண்டியதில்லை.

இனி உயிர் போகிற விஷயம். சாப்பிட்டபின் தடிப்போடு மூச்சு முட்டினால், தொண்டை அடைத்தால், மயக்கம் வந்தால் பிரிட்டன் குளிசை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. பிரிட்டன் அரிப்பை அடக்கும், உயிரைக் காக்காது. காப்பது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போடவேண்டும். ஆளை நடக்க விடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவையுங்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ரோட்டு மோசமாக இருந்தால் எந்த முச்சந்திவரை ஆளைக் கொண்டுவருவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். ஊசி போட்டு முகம் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

அட்ரினலின் புதிய மருந்தல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. குளவி கொட்டினாலும் அதுதான் வேண்டும். மலையில் குளவிக்கூடு கலைந்து ஓடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்! அப்படியிருக்க ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் எங்கள் குழு கேட்டபோது, பூட்டிய அலுமாரியைத் திறந்து காலாவதியான ஊசிமருந்தைத்தான் காட்டினார்கள். மருத்துவ உதவியாளரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் அங்கே வருகிறார். மற்ற ஐந்து நாளும் சாவி யாரிடம்?

ஒவ்வாமை சந்தேகம் உள்ளவர்களை ஆஸ்பத்திரி டாக்டர் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கேட்டு வாங்குங்கள். போகும்போது என்ன தின்றோம், எத்தனை மணிக்கு, என்ன வேலை, என்ன குளிசை என்று எழுதிக்கொண்டு போங்கள். வேலைத்தலத்தில் விழுந்தால் தோட்டத்துப் பதிவேட்டில் அன்றே எழுத வையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கும் இடம் உண்டு. ஆனால் எழுத்தில் இல்லாத நோய்க்காக நாம் யாரிடமும் போய் வாதாட முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு கிளைத் தலைவரும் தன் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் மூன்றைப் பார்த்து வாருங்கள்: அட்ரினலின் இருக்கிறதா, அதன் காலாவதித் திகதி என்ன, மருத்துவ உதவியாளர் இல்லாத நாளில் அலுமாரிச் சாவி யாரிடம். கிளை கிளையாகக் கேட்போம். இல்லாத தோட்டங்களின் பெயரை நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் சேர்ப்போம்.